ஓடாத மைலுக்கு ஒரு விலை

போன மாசம் உங்களிலை ஒருத்தர் ஒரு சிவப்புக் காருக்கு மதிப்பு எழுதிக் குடுத்திருக்கிறார். ரெண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, துணிக் கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார். எழுதினது என்ன தெரியுமோ? "அதிகம் ஓடியது. சேகரிப்பவர்களுக்கு உதவாது." ஆர் எழுதினது எண்டு நான் பேர் சொல்லமாட்டன். இப்ப ஆர் தலையைக் குனிஞ்சுகொண்டு தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளை எதையோ தேடுறாரோ, அவர்தான்.

தம்பிமாரே, எனக்குப் பத்திக்கொண்டு வருது. அம்பத்தாறாம் ஆண்டிலை இருந்து யாழ்ப்பாணத்திலை வாகனங்களுக்கு மதிப்புப் போட்டு, ஏலம் கூறிக் கூறித் தொண்டை போய், போன வருசம்தான் ஓய்வெடுத்தனான். தொழிலுக்குப் புதுசாய் வந்த ஆக்களுக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்கோ எண்டு இண்டைக்குக் கூப்பிட்டிருக்கிறியள். புத்தி சொல்ல நான் வரேல்லை. ஏசத்தான் வந்தனான். இருந்து கேளுங்கோ.

"சேகரிப்பவர்" எண்ட சொல்லை உங்கடை வாயிலை ஆர் வைச்சது? நான் தொழிலுக்கு வரேக்கை அப்பிடி ஒரு சாதி இல்லை. கார் வாங்கினவன் ஓட வாங்கினான். பேந்து அறுபதுகளிலை வெளிநாட்டுக் கார் வாறது நிண்டுபோச்சு. இருந்த காரை வைச்சுத்தான் குடாநாடே ஓடினது. ஏ-ஃபோட்டி எண்ட ஒரு சின்ன இங்கிலீசுக் காருக்குள்ளை எட்டுப்பேர் ஏறி, கதவைக் கயித்தாலை கட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போன கதை உங்கடை வீடுகளிலையும் இருக்கும். பிள்ளைத்தாச்சியளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் காருகள்தான். செத்தவீட்டுக்குப் பெட்டி ஏத்தினதும் அந்தக் காருகள்தான்.

எழுவத்தேழுக்குப் பிறகு இறக்குமதித் தடை போய், ஜப்பான் கார் வந்து இறங்கினது. உடனை கொழும்பிலை இருந்து சப்பாத்துப் போட்ட ஆக்கள் வந்து, பழைய இங்கிலீசுக் கார் இருக்கோ, ஓடாமல் இருக்கோ எண்டு வீடு வீடாய்ப் படலை தட்டத் தொடங்கிச்சினம். ஓடி உழைச்ச காருக்கு இரும்பு விலை. ஒரு இடமும் போகாமல் மூடிக்கிடந்த காருக்கு வீட்டு விலை! கேக்க நாதியில்லை. தரகர்மாருக்கும் அதுக்கேத்த பேச்சு வந்திட்டுது. "கைபடாத கார் ஐயா, குமர்ப்பிள்ளை மாதிரி" எண்டு சந்தியிலை நிண்டு சத்தம் போட்டாங்கள். கோதாரி விழுவார்.

நீங்களும் அந்தப் பாடத்தைத்தான் படிச்சிருக்கிறியள். மைல் குறைஞ்ச கார் எண்டால் வாயைப் பிளக்கிறியள். ஏன் குறைஞ்சது எண்டு ஒருத்தராவது கேட்டியளோ? கார் எண்டது ஓடச் செய்த சாமான். அது ஓடேல்லை எண்டால், ஆரையோ ஓட விடேல்லை எண்டு அர்த்தம். அந்தச் சிவப்புக் காரின்ரை கதையைச் சொல்லுறன், பிறகு நீங்களே சொல்லுங்கோ.

எழுவத்தெட்டாம் ஆண்டு. உடுவிலிலை இருந்து அருளையா எண்டு ஒரு ஐயா என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கொழும்பிலை ஒரு கந்தோரிலை பெரிய உத்தியோகம் பாத்து, இளைப்பாறி ஊரோடை வந்திருந்தவர். சேர்ச்சிலை முன்வாங்கு அவருக்கெண்டே இருக்கும். போனால், வீட்டுப் போர்ட்டிக்கோவுக்கை வெள்ளைத் துணியாலை ஒரு சாமான் மூடியிருக்கு. அவர் அந்தத் துணியைக் கழட்டினதைப் பாக்கவேணும். நுனியைப் பிடிச்சு, மெல்ல மடிச்சு, கலியாணப் பொம்பிளையின்ரை முகத்திரையை விலத்தினமாதிரி.

பொய் சொல்லக்கூடாது, எனக்கும் மூச்சு நிண்டுபோச்சு. மிளகாய்ப்பழச் சிவப்பு. நம்பர்த் தகட்டிலை 'சிறி' எழுத்து வர முதல் குடுத்த பழைய இங்கிலீசு எழுத்து நம்பர். தோல் இருக்கையிலை ஒரு சுருக்கம் இல்லை. மீற்றரைக் குனிஞ்சு பாத்தன். ரெண்டாயிரம் மைல்கூட இல்லை.

"இதென்ன ஐயா, ஓடவே இல்லையோ?" எண்டன்.

"ஓடினால் தேய்ஞ்சிடுமே," எண்டார். "மாசத்துக்கொருக்கா மெயில் றெயினிலை ஊருக்கு வரேக்கை ஸ்டாட் பண்ணிப் பாப்பன். வருசப்பிறப்புக்குச் சேர்ச்சுக்கு எடுப்பன். அவ்வளவுதான்."

"நீங்கள் கொழும்பிலை நிக்கேக்கை?"

"திறப்பு என்னோடை கொழும்புக்கு வந்திடும். சாவி இல்லாமல் கார் எங்கை போறது?"

கேட்டியளே! இதைப் பெருமையாய்ச் சொன்னார். வைக்கல் பட்டறையிலை படுத்த நாய் தானும் தின்னாதாம், மாட்டையும் தின்னவிடாதாம். அந்த நாய்கூட வைக்கலைப் பாத்துப் பெருமைப்பட்டதெண்டு நான் கேள்விப்படேல்லை.

நாங்கள் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை அவற்றை மனிசி கிறேஸ் டீச்சர் பள்ளிக்கூடத்தாலை வந்தா. கறுப்புக் குடை, செருப்பெல்லாம் செம்மண் புழுதி, முகத்திலை வேர்வை. அந்தக் காரை விலத்தி, ஒரு பக்கமாய் நடந்து உள்ளுக்குப் போனா.

"கார் ஆற்றை பேரிலை ஐயா?" எண்டு கேட்டன்.

"மனிசியின்ரை பேரிலை. சீதனமாய் வந்தது. அது சும்மா ஒரு பேருக்கு. நான் சொன்னால் கையெழுத்து வைப்பா."

இந்த இடத்திலை கவனியுங்கோ. இப்பிடி ஒருத்தர் சொன்னால் நீங்கள் மேற்கொண்டு அளக்கவும் வேண்டாம், தட்டிப்பாக்கவும் வேண்டாம். காரை விட்டுப்போட்டு காருக்கு உரிய ஆளைத் தேடுங்கோ. டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்தா. "டீச்சர், கார் உங்கடையாம். விக்க உங்களுக்கு விருப்பமோ?" எண்டு கேட்டன்.

"அவவிட்டை என்ன கேள்வி? என்னட்டைக் கேளும்!" அருளையா ஐயா பாய்ஞ்சார்.

"கேக்கட்டும்," எண்டா டீச்சர். "இத்தனை வருசத்திலை இண்டைக்குத்தான் ஒருத்தர் கேக்கிறார்."

பிறகு அவ இருந்து ஆறுதலாய்ச் சொன்னா. தேப்பன் மலாயாவிலை றெயில்வேயிலை உத்தியோகமாம். மகளைப் பக்கத்திலை இருத்தி அங்கையே கார் ஓடப் பழக்கி, லைசென்சும் எடுத்துக் குடுத்தவராம். கலியாணம் பேசினவுடனை அவவும் இந்தக் காரும் ஒரே கப்பலிலை வந்து இறங்கினவையாம். கலியாணம் முடிஞ்ச கிழமை, மாப்பிள்ளையைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு கீரிமலைக்குக் காரை ஓடிக்கொண்டு போயிருக்கிறா. சந்தியிலை சைக்கிள் கடையடியிலை நிண்ட எவனோ ஒரு விடலை, "பொம்பிளை ஓட்ட, மாப்பிள்ளை சவாரி!" எண்டு கத்திப்போட்டான். அண்டைக்குப் பின்னேரம் திறப்பு ஐயாவின்ரை மேசை லாச்சிக்குள்ளை போனது. திரும்பி அவவின்ரை கைக்கு வரவேயில்லை.

"ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிக்க வேண்டாமோ?" எண்டார் ஐயா.

"ஊர் எனக்குச் சோறு போடேல்லை. நான்தான் ஊர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான்," எண்டா டீச்சர். "அண்ணை, மூத்தவளுக்கு இழுப்பு வந்த அண்டைக்கு நல்ல மாரி மழை. இவர் கொழும்பிலை. திறப்பும் கொழும்பிலை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடி, வாடகைக் கார் ஒண்டு வருமட்டும் மழைக்குள்ளை நிண்டனான். பிள்ளைக்கு உதடு நீலம் பாரிச்சிட்டுது. இந்தக் கார் இதிலைதான் நிண்டது. நனையேல்லை. துணி போத்திக்கொண்டு நிண்டது."

"பிள்ளை தப்பீற்றாள்தானே. பழங்கதையை இப்ப என்னத்துக்கு?"

"கார் பழசெண்டுதானே கூட விலை சொல்லுறியள். கதையும் பழசாய்த்தான் இருக்கும்."

அதுக்குப் பிறகுதான் உண்மையான சங்கதி வெளியிலை வந்தது. டீச்சருக்குக் கரவெட்டியிலை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதிபராய்ப் போக உத்தரவு வந்திருக்கு. உடுவிலிலை இருந்து பஸ் மாறி மாறிப் போனால் முதல் மணி அடிக்க முதல் போய்ச் சேர ஏலாது. கார் இருந்தால் பதவியை ஏற்கலாம். கார் போனால், வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கவேணும். இதுக்குள்ளை கொழும்பிலை இருந்து ஒருத்தர் வந்து, லண்டனிலை இருக்கிற ஒரு வெள்ளைக்காரனுக்கு வாங்கிக் குடுக்கவெண்டு, ஐயாவின்ரை தலை சுத்திற விலை சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார். ஒரு சுருட்டு முதலாளியும் போட்டிக்கு நிக்கிறார். ஐயாவுக்கு ஏலம் வைச்சு ரெண்டு பேரையும் மோதவிட ஆசை.

"இந்த வயசிலை இவவுக்கு அதிபர் வேலை எதுக்கு?" எண்டார். "காரை வித்தால் ஒரு ஜப்பான் கார் எடுக்கலாம், றைவரும் வைக்கலாம்."

"அந்தக் காரின்ரை திறப்பு ஆரிட்டை இருக்கும் ஐயா?" எண்டு கேட்டன். அவர் என்னை முறைச்சுப் பாத்தார்.

டீச்சர் எழும்பினா. "போடுங்கோ அண்ணை ஏலத்துக்கு. வீட்டுக்கை நாளாந்தம் சண்டை பிடிக்க என்னட்டைச் சத்தில்லை."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தேத்தண்ணியை அவற்றை தலையிலை ஊத்தியிருப்பன். ஆனால் ஒரு புருசன் பெண்சாதிக்கு இடையிலை போய் நிண்டு தீர்ப்புச் சொல்லுறது எங்கடை தொழில் இல்லை. எங்கடை தொழிலிலை ஒரு விதி இருக்கு. அதை மட்டும் சொன்னன். "டீச்சர், சுத்தியல் விழுமட்டும் கார் உங்கடை. ஏலக் கேள்வி எவ்வளவு உயரப் போனாலும் நீங்கள் நிப்பாட்டலாம். நீங்கள் மட்டும்தான் நிப்பாட்டலாம்." விளங்கினதோ எண்டு திரும்பவும் ஒருக்காக் கேட்டன். ஓம் எண்டு தலையாட்டினா.

ஏலம் ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட மதில் கட்டின ஒரு வெறும் வளவிலை. விளம்பரம் பாத்துச் சனம் திரண்டிட்டுது. வாங்க வந்தவை ரெண்டுபேர், வாய்பாக்க வந்தது மிச்சம் எல்லாம். அருளையா ஐயா கொழும்புக்காரரின்ரை காரிலை முன் இருக்கையிலை வந்து இறங்கினார். சிவப்புக் காரைக் கொண்டுவர ஒரு றைவரைப் பிடிச்சு, திறப்பை அவன்ரை கையிலை குடுத்துப்போட்டு வந்திருந்தார். நேரம் போகுது, காரைக் காணேல்லை. சனம் புறுபுறுக்குது. ஐயா மணிக்கூட்டைப் பாக்கிறதும் றோட்டைப் பாக்கிறதுமாய் நிக்கிறார்.

கடைசியிலை வந்தது. அட, அதைப் பாத்தியளெண்டால்! அப்பின செம்மண் சிவப்போ, பூசின சிவப்போ எண்டு பிரிக்கேலாத கோலம். கூரை மடிச்சுக் கிடக்குது. றைவரைக் காணேல்லை. கிறேஸ் டீச்சர்தான் காரை ஓடிக்கொண்டு வாறா. தலைமயிர் காத்திலை கலைஞ்சு, சீலைத் தலைப்பிலை கறுப்பாய்க் கிறீஸ். பக்கத்து இருக்கையிலை வெடிச்ச ரயர் ஒண்டு, அதுக்கு மேலை அந்தக் கறுப்புக் குடை.

"றைவர் எங்கையடி?" எண்டு ஐயா கத்தினார். சேர்ச் முன்வாங்கு எல்லாம் மறந்துபோச்சு மனிசனுக்கு.

"தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டன்," எண்டா. "விக்க முதல் கரவெட்டி எவ்வளவு தூரம் எண்டு ஒருக்காப் பாப்பம் எண்டு போனனான். வரேக்கை வல்லை வெளியிலை, அந்தக் கடல்காத்துக்கை, ரயர் வெடிச்சிட்டுது. மலாயாவாலை வந்த ரயர்தானே, பாவம். மாத்திப்போட்டு வந்தன்."

"ஆர் மாத்தினது?"

"ஏன், எனக்குக் கையில்லையே?"

கொழும்புக்காரர் செத்தவீட்டுக்கு வந்தமாதிரி காரைச் சுத்திச் சுத்தி வந்தார். "ஒறிஜினல் ரயர்! ஒறிஜினல் ரயர்!" எண்டு அந்தக் கிழிஞ்ச ரயரைத் தடவினார். மீற்றரைப் பாத்தார். முகம் கறுத்துப்போச்சு. பிறகு ஐயாவைக் கூட்டிக்கொண்டு ஒதுக்கமாய்ப் போய் ஏதோ குசுகுசுத்தார். ரெண்டுபேரும் என்னட்டை வந்திச்சினம்.

"மீற்றரைப் பழைய இலக்கத்துக்குத் திருப்பிவிடும்," எண்டார் ஐயா. "உங்கடை ஆக்களுக்கு உது தெரியாத வேலையே? மண்ணைக் கழுவினால் போயிடும்."

"ரயர்க் கதையும் கூறவேண்டாம்," எண்டார் கொழும்புக்காரர். "லண்டனிலை இருக்கிறவருக்கு ஓடாத கார் எண்டுதான் சொல்லியிருக்கிறன். அந்தச் சொல்லுக்குத்தான் விலை."

தம்பிமாரே, அந்த நேரம் எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதிச்சது. கணக்குப் பாருங்கோ. அவ பள்ளிக்கூடத்துக்கு வெய்யிலிலை நடந்த மைல் அந்த மீற்றரிலை இல்லை. பிள்ளைக்கு இழுப்பு வந்த அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கவேண்டிய மைல் அந்த மீற்றரிலை இல்லை. அந்த இல்லாத மைலுக்குத்தான் ஒருத்தன் லண்டனிலை இருந்து காசு நீட்டுறான். ஒரு மனிசியைத் திறப்பில்லாமல் வைச்சிருந்ததுக்குப் பரிசு! இத்தனை வருசத்துக்குப் பிறகு அவ தன்ரை காரிலை, தன்ரை விருப்பத்துக்கு, ஒரே ஒருநாள் ஓடியிருக்கிறா. இப்ப அதையும் அழிக்கோணுமாம். என்ன நெஞ்சழுத்தம்!

ஆனால் கோவம் வந்த நேரம் வாயைத் திறக்கக்கூடாது. மேசையிலை ஏறினன். சுத்தியலை எடுத்தன். தொண்டை கிழியக் கூறினன். "இந்தக் கார் விளம்பரத்திலை போட்டமாதிரி இல்லை. இண்டைக்குக் காலமை உடுவிலிலை இருந்து கரவெட்டிக்குப் போய், வல்லை வெளியிலை ரயர் வெடிச்சு, அதை மாத்திக்கொண்டு வந்து நிக்குது. ஓடினவ காரின்ரை சொந்தக்காரி. ரயரும் மாத்தினவ அவதான். கார் நல்லாய் ஓடுது. இப்ப கேக்கிற ஆக்கள் கேளுங்கோ!"

சனம் கொல்லெண்டு சிரிச்சுது. வாடகைக் கார் றைவர்மார் மதிலிலை ஏறி நிண்டு விசிலடிச்சாங்கள். "அக்கா, வல்லையிலை காத்து எப்பிடி?" எண்டு ஒருத்தன் கேட்டான். "நல்ல காத்துத் தம்பி," எண்டா டீச்சர்.

அருளையா ஐயா நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். அவர் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அதுதான், இத்தனை வருசம் பிந்தி வந்திருக்கு. ஆனால் ஒருத்தரும் டீச்சரைப் பாத்துச் சிரிக்கேல்லை.

கேள்வி குறைய இருந்துதான் தொடங்கினது. கொழும்புக்காரர் மூஞ்சையைச் சுழிச்சுக்கொண்டு கேட்டார். சுருட்டு முதலாளி ஏத்தினார். இவர் விடேல்லை, அவரும் விடேல்லை. மண் பிடிச்ச காருக்கே ஒரு கல்வீடு கட்டிற அளவுக்கு ஏறிப்போச்சு. ஐயாவின்ரை முகத்திலை திரும்ப ரத்தம் வந்தது. சுருட்டு முதலாளி கையை விரிச்சு விலகினார்.

"ஒருதரம்!"

ஐயா ஒரு அடி முன்னுக்கு வந்தார்.

"ரெண்டுதரம்!"

சுத்தியலைத் தூக்கினன். தூக்கின கையோடை டீச்சரைப் பாத்தன். பாக்கவேணும் எண்டு விதியில்லை. கூறிக்கொண்டு போயிருந்தால் ஒருத்தரும் என்னைக் குறைசொல்ல ஏலாது. பாத்தன். அவ கார்க் கதவிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டா.

"நிப்பாட்டுங்கோ அண்ணை," எண்டா. "எனக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கு."

சுத்தியலை மெல்ல மேசையிலை படுக்க வைச்சன். கொழும்புக்காரர் இங்கிலீசிலை ஏதோ ஏசிக்கொண்டு தன்ரை காரிலை ஏறிப் போட்டார், அருளையா ஐயாவை விட்டுப்போட்டு. ஐயா அந்த வளவுக்கு நடுவிலை தனிய நிண்டார். சனம் கலையாமல் பாத்துக்கொண்டு நிக்குது. டீச்சர் ரயரைத் தூக்கிப் பின்னாலை போட்டு, பக்கத்து இருக்கையைச் சீலைத் தலைப்பாலை துடைச்சு, கதவைத் திறந்து பிடிச்சா.

"ஏறுங்கோவன்," எண்டா.

அவர் மதிலைப் பாத்தார். விசிலடிச்ச பெடியளைப் பாத்தார். "நான் பஸ்ஸிலை வாறன்," எண்டார்.

டீச்சர் கோவிக்கேல்லை. காருக்குள்ளை இருந்த கறுப்புக் குடையை எடுத்து நீட்டினா. "அப்ப இதைக் கொண்டுபோங்கோ. சந்தியிலை இருந்து வீட்டை நடக்கேக்கை வெய்யில் சுடும். எனக்குத் தெரியும்." குடையை அவற்றை கையிலை வைச்சுப்போட்டு, காரை ஸ்டாட் பண்ணி, றோட்டிலை இறங்கிப் போயிட்டா.

இது நடந்து நாலு வருசமாகுது. டீச்சர் இண்டைக்கும் கரவெட்டிக்கு அந்தக் காரிலைதான் போறா. வல்லை வெளியின்ரை உப்புக் காத்துக்கு அடிப்பலகை துருப்பிடிச்சிட்டுது. கூரைத்துணி கிழிஞ்சு, லொறிப் படங்கிலை வெட்டித் தைச்சுப் போட்டிருக்கிறா. சோதினை நாளிலை பஸ் தவறவிட்ட பிள்ளையள், காய்ச்சல் வந்த பிள்ளையள், பிள்ளை பெறப்போன டீச்சர்மார், எல்லாரும் அந்த ஒற்றைப் பக்கத்து இருக்கையிலை இருந்து போன ஆக்கள்தான். அருளையா ஐயா மட்டும் இன்னும் சேர்ச்சுக்கு நடந்துதான் போறாராம்.

அந்தக் காரைத்தான் காப்புறுதிக்கு மதிப்புப் போடச் சொல்லி டீச்சர் போன மாசம் உங்கடை கந்தோருக்குக் கொண்டுவந்தவ. நீர் அதுக்கு எழுதினீர், "அதிகம் ஓடியது. சேகரிப்பவர்களுக்கு உதவாது" எண்டு. எனக்கு விசயம் தெரிஞ்சவுடனை வெக்கமாய்ப் போச்சு. உடுவிலுக்குப் போய், "டீச்சர், எங்கடை பெடியன் விளக்கமில்லாமல் எழுதிப்போட்டான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டன்.

அவ அந்தத் தாளைத் திரும்ப எடுத்து வாசிச்சுப்போட்டு, விழுந்து விழுந்து சிரிச்சா. "ஏசாதேங்கோ அண்ணை," எண்டா. "காரைப் பற்றி எழுதினானோ என்னைப் பற்றி எழுதினானோ தெரியேல்லை. இதைவிட நல்ல நற்சான்று எனக்கு ஒருத்தரும் தரேல்லை."

அவ மன்னிச்சிட்டா. நான் மன்னிக்கேல்லை. உந்தத் தேத்தண்ணியைக் குடிச்சுப்போடும் தம்பி. திங்கட்கிழமை வெள்ளெனக் குளிச்சு வெளிக்கிட்டு, உடுவில் சந்தியிலை போய் நில்லும். அவ வரேக்கை கையைக் காட்டினால் நிப்பாட்டுவா. பக்கத்திலை ஏறி இருந்து, வல்லைக் காத்து முகத்திலை அடிக்கக் கரவெட்டி மட்டும் போட்டு வாரும். வந்து அந்தக் காருக்கு ஒரு விலை எழுதும், பாப்பம்.